லேப்பில் வெட்டுப்பட்ட பெரியப்பா

பீரோவின் அடித்தட்டிலோ பரண்மேல் சூட்கேஸிலோ பழைய நெகட்டிவ் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் சரி, கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து ஒன்றைச் சொல்லிவிடத் துடிக்கிறேன். ஆல்பத்தில் இத்தனை வருஷமாகப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறீர்களே, அது முழுப் படம் இல்லை சார். தீபாவளிக் கூட்டத்தில் லேப்காரர் எந்திரத்துக்குள் தள்ளி, எந்திரம் தன் கணக்குப்படி போட்டுக் கொடுத்த பிரிண்ட். முழுப் படம் அந்த மஞ்சள் கவருக்குள், ரப்பர் பேண்டு உருகி ஒட்டிப்போன நிலையில், இன்னும் பத்திரமாக இருக்கிறது. அதை வெளியே எடுங்கள். இன்றைக்கே எடுங்கள்.

மிகையாகப் பேசுகிறேன் என்று தோன்றினால் எங்கள் பெரியப்பா விவகாரத்தைக் கேளுங்கள். 1991இல் நடந்த அத்தை கல்யாணத்தின் குரூப் போட்டோ எங்கள் குடும்பத்தில் ரொம்பப் பிரசித்தம். கும்பகோணத்தில் மண்டப வாசலில் மூன்று வரிசையாக ஜனம். இடது ஓரத்தில் பெரியப்பா பாதிதான் இருப்பார். ஒரு காது, ஒரு தோள், தோளில் கிடக்கும் துண்டு. சம்பந்தி வீட்டாரோடு ஏதோ மனத்தாங்கல், அதனால்தான் போட்டோவுக்குக்கூட ஒட்டாமல் ஒதுங்கி நின்றார் என்று ஒரு கதையும் அதற்கு உண்டு. முப்பது வருஷமாக ஒவ்வொரு விசேஷத்திலும் யாராவது அதை எடுத்துவிடுவார்கள். அந்த நெகட்டிவை ஸ்கேன் செய்து திருப்பிப் பார்த்தால், பெரியப்பா முழுசாக நிற்கிறார்! மீசை, வெற்றிலை போட்ட சிரிப்பு, இடுப்பில் மூக்கு ஒழுக நான்.

நடந்தது இதுதான். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படத்தின் அளவு 36க்கு 24 மி.மீ. அதை 5க்கு 7 அங்குலப் பிரிண்டாகப் போட்டால் அந்த 36இல் 33.6 மி.மீ.தான் காகிதத்தில் விழும். மீதி காலி. போதாக்குறைக்கு எந்திரத்தில் ஃபிலிமைப் பிடிக்கும் சட்டம் நாலு பக்கமும் இன்னும் கொஞ்சம் தின்றுவிடும். ஃபிலிம் சற்றே ஒருபக்கமாக நகர்ந்து உட்கார்ந்திருந்தால் மொத்த வெட்டும் ஒரே ஓரத்தில் விழும். அந்த ஓரத்தில் நின்றவர் பெரியப்பா. சம்பந்தி வீட்டார் மேல் பழி போட்டதுதான் மிச்சம்.

வெட்டு ஒரு பக்கம் இருக்கட்டும், வெளிச்சத்தின் கதை இதைவிட சுவாரசியமானது. பழைய ஆல்பங்களைக் கவனித்திருப்பீர்கள். பகலில் எடுத்த குரூப் போட்டோக்களில் எல்லார் முகமும் கறுத்துக் கிடக்கும். ராத்திரி ரிசப்ஷன் படங்களில் மாப்பிள்ளை முகமும் பெண் முகமும் வெளுத்துப்போய் மூக்கு எது கன்னம் எது என்று தெரியாது. கேமராக்காரரைத் திட்டியிருப்போம். பாவம், அவர்மேல் அவ்வளவாகத் தப்பில்லை. பிரிண்ட் போடும் எந்திரம் நெகட்டிவ் வழியாக வரும் மொத்த வெளிச்சத்தை அளந்து, படம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் அளவுக்கு வரும்படி காகிதத்துக்கு ஒளி கொடுக்கும். வரிசையாக வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை என்றால் நெகட்டிவில் அந்த இடமெல்லாம் கருப்பாக அடைத்திருக்கும். வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து எந்திரம் கூடுதலாகக் கொடுக்கும். வேட்டி அழுக்காகும், முகம் கருப்பாகும். ராத்திரிப் படத்தில் இதற்கு நேர் எதிர்: பின்னணி இருட்டு, அதனால் நெகட்டிவ் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும், எந்திரம் ஒளியைக் குறைத்துவிடும், முகம் சுண்ணாம்பாகிவிடும். அனுபவமுள்ள ஆபரேட்டர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு படத்துக்கும் பட்டனைத் தட்டித் திருத்துவார். சீசன் நேரத்தில் அவருக்கு ஏது அவகாசம்?

ஆனால் நெகட்டிவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது! காகிதத்தால் தாங்க முடியாத அளவு வெளிச்ச வித்தியாசத்தைக் கலர் நெகட்டிவ் தாங்கும். ரிசப்ஷன் படத்தில் வெறும் வெள்ளைப் பட்டையாகத் தெரிந்த மாமாவின் வேட்டியில் மயில்கண் கரை இருப்பதை நான் கம்ப்யூட்டர் திரையில்தான் முதலில் பார்த்தேன். மடிப்பு மடிப்பாகத் தெரிகிறது. கஞ்சி போட்டது தெரிகிறது என்றால் நம்புவீர்களா?

சரி, எப்படிச் செய்வது? வழி மூன்று. எப்சன் வி600 மாதிரி ஃபிளாட்பெட் ஸ்கேனரில் 35ம் போகும், அகலமான 120 ஃபிலிமும் போகும். பெட்டியில் 6400 டிபிஐ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். நடைமுறையில் பிரித்துக் காட்டுவது அதில் கால்வாசிதான். மேக்ஸி சைஸ் பிரிண்டுக்கும் குடும்ப வாட்ஸாப் குரூப்புக்கும் அதுவே தாராளம். அடுத்தது பிளஸ்டெக் போன்ற, ஃபிலிமுக்கென்றே உள்ள ஸ்கேனர். பெரும்பாலும் 35க்கு மட்டும். கூர்மையில் குறை சொல்ல முடியாது, பொறுமைதான் வேண்டும். ஒவ்வொரு பிரேமாகக் கையால் தள்ளித் தள்ளி வைக்கவேண்டும். இரண்டையும் இரவல் வாங்கிப் பார்த்துவிட்டு மூன்றாவது வழிக்கு வந்தேன், வந்தவன் வந்தவன்தான். நெகட்டிவைக் கேமராவாலேயே படம் எடுப்பது!

இதற்கு மேக்ரோ லென்ஸ் ஒன்று வேண்டும். புதிது தேவையே இல்லை. பழைய 55 எம்எம் மைக்ரோ நிக்கார், கையால் ஃபோகஸ் செய்வது, ஒரு எக்ஸ்டென்ஷன் ரிங்கோடு செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். என்ன லென்ஸ்! ஸ்டாண்டு கிடைத்த விதம் இன்னும் அழகு. எங்கள் ஊரில் மூடிவிட்ட ஸ்டூடியோ ஒன்றிலிருந்து பழைய என்லார்ஜரை ஸ்டூடியோக்காரரின் மகன் எடுத்துக்கொள்ளச் சொன்னார். “காயலான் கடைக்குத்தான் போடறதா இருந்தேன் சார், உங்களுக்கு உபயோகப்பட்டா சந்தோஷம்.” விளக்குப் பெட்டியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கேமராவைக் குப்புற மாட்டினேன். டார்க் ரூமில் வெளிச்சம் மேலிருந்து நெகட்டிவைத் துளைத்துக் கீழே காகிதத்துக்கு இறங்கும். இப்போது கீழே எல்இடி பலகை, அதன்மேல் நெகட்டிவ், வெளிச்சம் மேலேறி லென்ஸுக்குள் போகிறது. அதே தூண், அதே திருகு, ஏற்றி இறக்கும்போது அதே கிறீச் சத்தம்.

பலகையின் தரத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. நிறங்களை ஒழுங்காகக் காட்டும் விளக்கு வேண்டும். சிஆர்ஐ 95க்கு மேல் என்று பார்த்து வாங்குங்கள். செல்போன் திரையை வெள்ளையாக்கி அதன்மேல் நெகட்டிவை ஒட்டிவைத்து எடுத்தால் திரையின் புள்ளிகளும் சேர்ந்து விழும். நடுவில் பால் வெள்ளை அக்ரிலிக் துண்டு ஒன்றை வைத்துக் கொஞ்சம் இடைவெளி விட்டால் சமாளிக்கலாம். நெகட்டிவைச் சாதாரணக் கண்ணாடியால் அழுத்தாதீர்கள், எண்ணெய் சிந்திய ரோட்டில் தெரிவது மாதிரி வானவில் வளையங்கள் வந்து படம் முழுக்க உட்காரும். அதற்கென்றே விற்கும் ஹோல்டர் நல்லது. கேமராவும் பலகையும் இம்மி பிசகாமல் ஒன்றுக்கொன்று நேராக இருக்கவேண்டும் இல்லையா, அதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. நெகட்டிவ் இருக்கவேண்டிய இடத்தில் சின்னக் கண்ணாடி ஒன்றை வையுங்கள். திரையில் உங்கள் லென்ஸே தெரியும். லென்ஸின் நடுப்புள்ளி திரையின் நடுவில் வந்துவிட்டால் முடிந்தது வேலை. ஐஎஸ்ஓ 100, எஃப் 8, டைமர் ஷட்டர், ரா ஃபைல். அறை விளக்கை அணைத்துவிடவும். 24 மெகாபிக்சல் கேமராவில் 6000 பிக்சல்கள் 36 மி.மீ. மேல் பரவும், அங்குலத்துக்கு 4200க்கு மேல் வருகிறது. ஃபிளாட்பெட் கிட்டேகூட வராது. ஒரு ரோலை எடுத்து முடித்துத் திரும்பினால் வைத்த காபி இன்னும் ஆறியிருக்காது.

இடம் வலம் மாறாமல் இருக்க, ஃபிலிம் ஓரத்தில் அச்சான எழுத்து நேராகப் படிக்கும்படி வைத்தால் போதும். எழுத்தில்லாத பழைய நெகட்டிவ் என்றால்? முந்தானையைப் பாருங்கள்! நம் ஊர்ப் பெண்களுக்குப் பெரும்பாலும் முந்தானை இடது தோளில். வலது தோளில் தெரிந்தால் ஃபிலிமைத் திருப்பிப் போடவேண்டியதுதான். ஆண்கள் மட்டுமே உள்ள படத்துக்குக் கைக்கடிகாரம் கைகொடுக்கும்.

பிறகு வருகிறது அந்தக் கணம். திரையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூதகணக் கூட்டம்: வெள்ளைத் தலைமுடி, கருத்த பல். அந்த ஆரஞ்சு அழுக்கோ பழசானதோ இல்லை. ஃபிலிமில் உள்ள சாயங்கள் பரிசுத்தமானவை அல்ல. மெஜந்தாவும் சியானும் தாங்கள் விழுங்கக்கூடாத நிறத்தையும் கொஞ்சம் விழுங்கும். அதை ஈடுகட்டத் தயாரிக்கும்போதே சேர்த்துவைத்த நிறம் அது. டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் 2020இல் ‘நெகாடாக்டர்’ என்றொரு பகுதி வந்தது. இரண்டு பிரேமுக்கு நடுவிலுள்ள வெற்று ஃபிலிமைத் தொட்டுக்காட்டினால் போதும், ஆரஞ்சைக் கழித்துவிட்டுப் படத்தை நேராக்கும். லைட்ரூம் வைத்திருப்பவர்களுக்கு நெகட்டிவ் லேப் ப்ரோ இருக்கிறது, காசு கொடுத்து வாங்க வேண்டும். எதுவாக இருந்தாலும், ஒரு நொடியில் பூதகணம் மறைந்து நம் ஜனங்கள் வந்து நிற்பார்கள் பாருங்கள், எத்தனை முறை பார்த்தாலும் என்னால் நாற்காலியில் உட்கார முடிவதில்லை.

அத்தை சின்ன வயதில் கட்டிய தாவணிப் படம் ஒன்று. பிரிண்ட் சிவந்து, மங்கி, தாவணி காவி நிறத்தில் இருக்கும். நெகட்டிவிலிருந்து வந்ததை அவருக்கு அனுப்பினேன். உடனே போன்.

“டேய், மாம்பழ மஞ்சள்டா அது! நான் சொல்லும்போதெல்லாம் உங்க மாமா சிரிப்பார், காவி கட்டிண்ட சாமியாரிணின்னு.”

“இப்ப என்ன அத்தை சொல்றார்?”

“கண்ணாடியைத் தேடிண்டிருக்கார்.”

சாயம் இருட்டில் இருக்கும்போது மெதுவாகத்தான் மங்கும். ஹாலில் மாட்டி வெயில் குடித்த பிரிண்டைவிட, கவருக்குள் முடங்கிய நெகட்டிவ் நிறத்தைக் காப்பாற்றி வைத்திருப்பதில் ஆச்சரியமில்லை. முற்றிலும் மங்காமல் இருக்குமென்று சொல்லவில்லை. ஆனால் மூன்று நிறமும் கொஞ்சமாவது மிச்சமிருந்தால் மென்பொருளால் அதைத் தூக்கி நிறுத்த முடிகிறது.

எனக்கு அதைவிடப் பெரிய போதை, ரோலை வரிசையாகப் படிப்பது. ஆல்பத்தில் படங்கள் பிடித்தபடி கலைந்து உட்கார்ந்திருக்கும். நெகட்டிவில் காலம் கலையாது. ஓரத்தில் 1, 1ஏ, 2, 2ஏ என்று எண் ஓடும். முதல் பிரேம் பாதி வெளிச்சம் அடித்து எரிந்திருக்கும். ரோல் மாட்டியதும் வீணாகச் சுட வேண்டியதிலும் ஏதாவது பதியட்டும் என்று அப்பா சுட்டது. 36 ரோலில் 38 எடுத்துவிடுவது அவருடைய வாழ்நாள் சாதனை. பொங்கல், கொடைக்கானல், முழுப்பரீட்சை லீவு, கொலு எல்லாம் ஒரே ரோலில். ரோல் தீராமல் கழுவக் கொடுக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். கழுவிய பின்பும் லேப்பில் நெகட்டிவை விளக்கில் பிடித்துப் பார்த்து, “இதெல்லாம் வேண்டாம், காசு தண்டம்” என்று ஒதுக்கிவிடுவார்கள். அப்படி ஒதுக்கியவற்றை வீட்டில் யாருமே பார்த்ததில்லை, எடுத்தவர் உட்பட! எங்கள் வீட்டில் டிவிஎஸ் 50 வாங்கிய அன்றைக்கு எலுமிச்சம்பழம் சக்கரத்தடியில் இருக்கும்போது, நசுங்கும்போது, நசுங்கியபின் என்று அப்பா ஏழு பிரேம் சுட்டிருக்கிறார். என் முதல் பிறந்தநாளுக்கு இரண்டு. இதைப் பற்றிக் கேட்டால் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்கிறார்.

கருப்பு வெள்ளை தனி ராஜ்ஜியம். தாத்தா வைத்திருந்தது ஆக்ஃபா கிளிக் 3, எத்தனையோ வீடுகளில் இருந்த அதே கருப்புப் பெட்டி. 120 ரோல், பன்னிரண்டு சதுரப் படம், பின்பக்கச் சிவப்பு ஜன்னலில் எண் பார்த்துப் பார்த்துச் சுற்றவேண்டும். அதிலிருந்து ஃபிலிம் அளவுக்கே போட்ட தம்மாத்துண்டு பிரிண்ட்களைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தச் சதுரத்தின் பரப்பு 35ஐப் போல மூன்றரை மடங்குக்கு மேல். லென்ஸ் சாதாரணம்தான், ஓரமெல்லாம் மங்கல். நடுப்பகுதியில் என்னென்னவோ இருக்கிறது! திண்ணையில் தாத்தா உட்கார்ந்திருக்கும் படத்தைப் பெரிதாக்கினால் அவர் தலைக்குப் பின்னால் தினசரி காலண்டர், அதில் கொட்டையாக 15. தூணில் கட்டிய கரும்பையும் சேர்த்துப் பார்த்ததும் பொங்கல் என்று தெரிந்துவிட்டது. அவர் மடியிலிருக்கும் குழந்தை அத்தை என்பதால் வருஷமும் கிடைத்துவிட்டது.

ஊட்டியில் இந்து நகர் என்று ஓர் இடம் இருக்கிறது, தெரியுமா? 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் அங்கேதான் இருந்தது. ‘இந்து’ என்ற பெயரில் கருப்பு வெள்ளை ஃபிலிமும் பிரிண்ட் காகிதமும் எக்ஸ்ரே ஃபிலிமும் நம் மலையிலிருந்து நாடு முழுக்கப் போயின. தாத்தாவின் டப்பாவில் அந்தப் பெட்டி ஒன்றும் காலியாகக் கிடந்தது. ஆயிரம் கொடுத்தாலும் தரமாட்டேன்.

ஸ்டூடியோக்காரரின் மகன் என்லார்ஜரோடு சேர்த்துப் பாட்டியின் கல்யாண நெகட்டிவையும் தேடி எடுத்துக் கொடுத்தார். உள்ளங்கை அகலத் தகடு. பலகையில் வைக்கும் முன் சாய்த்துப் பிடித்தேன். மங்கலான பக்கத்தில், பாட்டியின் கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், மூக்கோரத்தில் பென்சில் கீற்றுகள்! நூலிழை அகலத்தில், ஒன்றன்மேல் ஒன்று படாமல், பொடிப்பொடியாக. அந்தக் காலத்து டச்சிங். நெகட்டிவில் பென்சில் தீட்டினால் அந்த இடம் பிரிண்டில் வெளுப்பாக வரும். பருவும் வடுவும் கண் கருவளையமும் மறையும். பதினாறு வயதுப் பெண்ணின் முகத்தை யாரோ ஒரு கலைஞர் நெகட்டிவில் தலைகீழ் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே மணிக்கணக்கில் கூர்பென்சிலால் நீவியிருக்கிறார். 100 சதவீதப் பெரிதாக்கத்தில் அந்தக் கீற்றுகளை நான் துடைக்கவில்லை. துடைப்பதாவது!

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ‘அழிவின் விளிம்பிலுள்ள ஆவணங்கள்’ திட்டத்தின் ஆதரவோடு தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடிப்போய் டிஜிட்டலாக்கியிருக்கிறது. அந்தத் தகட்டைக் கையில் வைத்திருந்தபோது அது எவ்வளவு பெரிய காரியம் என்று உறைத்தது. மூடிய ஒவ்வொரு ஸ்டூடியோவிலிருந்தும் எத்தனை பென்சில் முகங்கள் காயலான் கடைக்குப் போயிருக்கும்!

தூசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான ஃபிலிம் ஸ்கேனர்களில் அகச்சிவப்பு ஒளியால் தூசியையும் கீறலையும் கண்டுபிடித்து அழிக்கும் வசதி உண்டு. கலர்ச் சாயத்தை அந்த ஒளி ஊடுருவும், தூசியை ஊடுருவாது. வித்தியாசத்தை வைத்துக் கண்டுபிடிக்கும். கருப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள், அதுவும் ஒளியை மறிக்கும். அங்கே இந்த வித்தை பலிக்காது. கேமரா முறையிலும் கிடையாது. ரப்பர் ஊதி, மெல்லிய பிரஷ், பருத்திக் கையுறை, அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாகத் துடைக்கும் பொறுமை. இளையராஜா பாட்டு ஓடினால் வேலை தானாக நடக்கும்.

கவரைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். அசிடேட் ஃபிலிம் சிதையும்போது அசிடிக் அமிலம் வெளியேறும். அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகமாக்கும். அந்தச் சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து முதலில் அதைப் படமெடுங்கள். சென்னை ஈரப்பதத்துக்குப் பூஞ்சை சொந்தக்காரன் மாதிரி வந்துவிடும். பூஞ்சை பிடித்த நெகட்டிவைத் தண்ணீரில் கழுவக் கூடாது. அரித்துப்போன ஜெலட்டின் படத்தோடு கரைந்துவிடும். உலரவிட்டு, மெல்லப் பிரஷால் தட்டி, இருக்கிற நிலையிலேயே எடுத்துவிடுவது உத்தமம்.

இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கு நேரமில்லாதவர்கள் தாராளமாகச் சர்வீஸில் கொடுக்கலாம். நல்ல லேப்களில் நோரிட்சு, ஃபுஜி ஃப்ரன்டியர் எந்திரங்கள் உண்டு, நிறம் சொக்கவைக்கும். ஆனால் கொடுக்கும் முன் வாய்விட்டுக் கேளுங்கள். நானும் முதலில் ஓர் இடத்தில் கொடுத்தேன். திரும்பி வந்தது பென்டிரைவில் துளித்துளி ஜேபெக், அதுவும் பிரிண்டைப் போலவே ஓரம் வெட்டி! ஓரம் வெட்டாமல் முழு பிரேமும் வேண்டும், 16 பிட் டிஃப் ஃபைல் வேண்டும், தானாகக் கூர்மையாக்கும் வேலை வேண்டாம், ஸ்ட்ரிப்பை மேலும் துண்டு போடக் கூடாது, வரிசை கலையக் கூடாது. இதையெல்லாம் சொல்லும்போது முகம் சுளிக்காமல் கேட்கிற இடத்தில் கொடுங்கள். மொத்தமாகக் கொடுக்காமல் ஒரே ஒரு ரோலைக் கொடுத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

ஸ்கேன் ஆகிவிட்டது என்று நெகட்டிவைத் தூக்கிப் போட்டீர்களோ, கோபம் வரும் எனக்கு. அடுத்த பத்தாண்டில் இதைவிட நல்ல கேமரா வரும், திரும்ப எடுக்கலாம். அமிலமில்லாத காகித உறையில், பரணில் இல்லாமல், வீட்டின் குளிர்ந்த உலர்ந்த மூலையில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஃபைல்களை இரண்டு ஹார்ட் டிஸ்கில் போட்டு ஒன்றைத் தங்கை வீட்டில் வைத்திருக்கிறேன். வாட்ஸாப்பில் அனுப்பும்போது ‘டாக்குமென்ட்’ என்று அனுப்புங்கள், இல்லையென்றால் இவ்வளவு பாடுபட்டதையும் அது நசுக்கிவிடும்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு மாமா 1983இல் காஷ்மீர் போனபோது எடுத்த ஸ்லைடுகளை டிபன் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஸ்லைடு நேர்ப்படம், ஆரஞ்சு கிடையாது, திருப்பவும் வேண்டாம். வெளிச்சத்தில் ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன், தால் ஏரி நீலம் கண்ணைப் பறிக்கிறது. ஸ்லைடு ஹோல்டருக்கு ஆர்டர் போட்டாயிற்று, சனிக்கிழமை வருகிறதாம். ஞாயிற்றுக்கிழமை யாரும் எனக்குப் போன் செய்யாதீர்கள்.